ஜாகாதான் என் மகனுக்குக் கூட்டாளியாக இருந்தார்

கெப்போங்_அம்மா:

மலேசியாவில் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் கேட்கிறேன். பாடத்திட்டம், பரீட்சை, விலக்குக் கடிதம் பற்றிய கேள்வி இல்லை. அதெல்லாம் எப்படியோ ஓடுகிறது. இது வேறு.

மகனுக்கு 10 வயது, மகளுக்கு 6. மகனை இரண்டாம் ஆண்டு பாதியில் பள்ளியிலிருந்து எடுத்தோம். ஆஸ்துமா, வாரத்தில் இரண்டு நாள் பள்ளி என்றால் மூன்று நாள் கிளினிக்கில் நெபுலைசர், கடைசியில் டாக்டர் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பல மாதம் அலைந்து விலக்கு வாங்கினோம். இப்போது உடம்பு எவ்வளவோ தேவலை. படிப்பிலும் குறையில்லை, காலை 8 மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றரைக்கெல்லாம் முடித்துவிடுகிறான்.

நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீட்டில், 12ஆம் மாடி. கீழே ஒரு சின்ன விளையாட்டுத் திடல், வலை போய் வளையம் மட்டும் மிச்சமிருக்கிற ஒரு பாஸ்கெட்பால் கம்பம், பக்கத்தில் ஜாகா, அதாவது காவலாளி, உட்காரும் கொட்டகை. மதியம் சாப்பிட்டுவிட்டு இவன் கீழே இறங்கினால் அங்கே ஒரு பிள்ளையும் இருக்காது. மலாய்ப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து சாப்பிட்ட கையோடு அகாமா (சமய) வகுப்புக்குப் போய்விடுகிறார்கள், சீனப் பிள்ளைகளுக்கு டியூஷன், நம் பிள்ளைகள் அம்மா அப்பா வேலை முடிந்து வரும்வரை யாராவது ஆன்ட்டி வீட்டில். மிச்சம் இரண்டு பூனையும் ஜாகாவும்தான்.

ஜாகா நேப்பாளக்காரர். பகல் ஷிப்ட், 12 மணி நேரம். இவன் அவரை 'தாஜு' என்று கூப்பிடுவான், அவர்கள் மொழியில் அண்ணன் என்று அர்த்தமாம். ஒன்றரை வருடத்தில் ஏக், துய், தீன் என்று நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டான். கொட்டகைத் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு ஒரு விளையாட்டு, பாக் சால் என்று பெயர், புலி 4, ஆடு 20. என் மாமியார் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, இது நம்முடைய ஆடுபுலி ஆட்டம், புலி 3, ஆடு 15தான், இந்தப் பையன் எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறான் என்று அவரிடமே சண்டைக்குப் போய், கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து விளையாடிவிட்டு வந்தார்கள்.

போன மாதம் தாஜுவுக்கு ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். மகன் அழவில்லை, சாப்பிட்டான், படுத்தான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளில் யாரோ இவனிடம், உன் பெஸ்ட் பிரெண்ட் யார்டா என்று கேட்டார்கள், இவன் தாஜு என்றான், ஜாகாவா என்று கேட்டு மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இவன் கீழே இறங்குவதே இல்லை. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், எங்கள் குடும்பத்துக்கு வெளியே இவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. வீட்டில் படிக்கிற பிள்ளைகளின் குடும்பங்கள் மாதம் ஒரு முறை தித்திவங்சா ஏரியில் கூடுகிறோம், இருபது பிள்ளைகளாவது வருவார்கள். இவன் என் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்திருப்பான், ஒரு வழியாக எழுந்து போய் யாருடனாவது பேச ஆரம்பிக்கும்போது நாங்கள் பாயைச் சுருட்ட வேண்டியிருக்கும். அப்புறம் திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் ஐந்தரைக்கு ஆன்லைனில் கோடிங் வகுப்பு, செவ்வாய், வியாழன் ஆறு மணிக்குக் கீபோர்டு. ஞாயிற்றுக்கிழமை ராவாங்கில் என் அம்மா வீடு. நாத்தனார் வேறு, பிள்ளையை ஜூவில் வளர்க்கிற மாதிரி வளர்க்கிறீர்கள் என்கிறார்.

நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? அறிவுரையைவிட நீங்கள் செய்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

செந்தூல்_வாசி:

இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? உடம்புதான் தேறிவிட்டதே, பேசாமல் பக்கத்தில் இருக்கிற தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிடுங்கள். தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், ஒரு பையன் வந்தால் அவர்களுக்கும் நல்லது, உங்கள் மகனுக்கும் ஒரே நாளில் வகுப்பு நிறையக் கூட்டாளிகள். அப்புறம், விலக்கு இருக்கிறது என்கிறீர்கள், சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு வேறு யாராவது இஷ்டத்துக்குப் பிள்ளையை நிறுத்திவிடப் போகிறார்கள். 2003இலிருந்து இங்கே ஆரம்பக் கல்வி கட்டாயம், விலக்கு இல்லாமல் நிறுத்தினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் போடலாம்.

கெப்போங்_அம்மா:

நன்றி ஐயா. சட்டத்தைச் சொன்னது நல்லதுதான். பள்ளியை நாங்கள் வெறுக்கவில்லை, இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பலாம் என்றுதான் எண்ணம். ஆனால் அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை அவன் யாருடன் விளையாடுவான் என்பதுதான் என் கேள்வி.

தண்ணீர்மலை_அப்பா:

நான் பினாங்கு. எனக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் வீட்டில்தான் படித்தார்கள், பெரியவன் இப்போது காலேஜ். நீங்கள் செய்கிற தப்பை நாங்களும் மூன்று வருடம் செய்தோம், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: அந்த மாதாந்திரக் கூட்டம் அம்மாக்களுக்குத்தான் பயன்படும். பிள்ளைகளுக்கு இல்லை.

அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்று ஒரு பேராசிரியர் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் சும்மா பழகுகிற கூட்டாளி ஆகச் சுமார் 50 மணி நேரம், நல்ல கூட்டாளி ஆக 90, நெருங்கிய கூட்டாளி ஆக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று அதில் கணக்குச் சொன்னார். பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு அது, பிள்ளைகள் இதைவிடச் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள், இருக்கட்டும். ஆனாலும் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் ஒரு முறை, இரண்டு மணி நேரம், வருடத்துக்கு 24. அதையும் இருபது பிள்ளைகளுக்குப் பங்கு போட வேண்டும், ஒருவனுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். ஜாகாவோடு உங்கள் மகன் ஒன்றரை வருடம், நாளைக்கு ஒரு மணி நேரம், ஓய்வு நாளைக் கழித்தாலும் 400 மணி நேரத்துக்கு மேல். அப்படியானால் அவர் கூட்டாளி இல்லாமல் வேறு யார் கூட்டாளி? மேசையில் சிரித்தவர்களுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை.

நாங்கள் பெரிய கூட்டத்தை விட்டுவிட்டு மூன்றே குடும்பமாக ஆனோம். வியாழக்கிழமை காலை 9 மணி, தண்ணீர்மலைப் பூவனம், அதே மரம், மதியம் 1 மணி வரை. மழை வந்தாலும் போவோம், யாராவது ஒரு குடும்பம் வராவிட்டாலும் போவோம், இந்த வாரம் வேறு இடம் போகலாமே என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டோம். கேட்க அசட்டுப் பிடிவாதமாகத் தோன்றும். ஆனால் பிள்ளை புதன்கிழமை ராத்திரியே நாளைக்கு என்ன செய்வது என்று திட்டம் போட ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். மாதம் ஒரு முறை வருவதற்கு யாரும் திட்டம் போட மாட்டார்கள்.

ஒரு முறை குரங்கு வந்து எங்கள் கறிபாப் (உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்த பலகாரம்) பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆறு பிள்ளைகளும் அதைத் துரத்திக்கொண்டு ஓடி, அது மரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்து உள்ளே இருந்த உருளைக்கிழங்கை மட்டும் தின்றுவிட்டுத் தோலை இவர்கள் தலையில் போட்டது. நடந்து ஐந்து வருடம் ஆகிறது, இன்றைக்கும் இவர்கள் சந்தித்தால் யாராவது ஒருவன் தலையைத் தட்டிவிட்டுக்கொள்வான், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வரவும் கூடாது, அது அவர்களுடையது.

இன்னொன்று, இது கொஞ்சம் கசக்கும். பாயைக் கொண்டுபோய் தூரத்தில் விரியுங்கள். பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்றால் உட்கார இடம் இருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் நாற்பது, ஐம்பது அடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். என் மனைவி கை வேலை ஏதாவது எடுத்துக்கொண்டு வருவார், திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காகவே.

சிகு_ராஜி:

நான் தமிழ்ப்பள்ளியில் 22 வருடம் பாடம் நடத்தினேன். செந்தூல் ஐயா சொன்ன 'ஒரே நாளில் வகுப்பு நிறையக் கூட்டாளிகள்' என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு வகுப்பிலும் யாருடனும் சேராமல் ஓய்வு நேரம் முழுக்க நூலக வாசலில் நிற்கிற ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பில் பேசினால் நாங்கள் அதட்டுகிறோம், ஓய்வு நேரமோ 20 நிமிடம், அதில் பாதி கேன்டீன் வரிசையில் போய்விடும். பிள்ளைகள் கூட்டாளி ஆவது பள்ளி வேனுக்குக் காத்திருக்கிற அரை மணி நேரத்தில்தான், நாங்கள் யாரும் பார்க்காதபோது. பினாங்கு அண்ணன் சொன்ன முதுகைக் காட்டுகிற விஷயமும் அதுதான்.

இப்போது தங்கச்சி, உங்கள் நேர அட்டவணைக்கு வருகிறேன். நீங்களே எழுதியதைத் திரும்பப் படியுங்கள். மதியம் திடலில் யாரும் இல்லை என்கிறீர்கள், உண்மை. அகாமா வகுப்பு விட்டு, டியூஷன் விட்டு, ஆன்ட்டி வீட்டிலிருந்து அழைத்து வந்து பிள்ளைகள் கீழே இறங்குவது எத்தனை மணிக்கு? ஐந்தரை, ஐந்தே முக்கால். மக்ரிப் பாங்கு சொல்கிற ஏழேகால், ஏழரைக்கு மலாய்ப் பிள்ளைகள் மேலே போய்விடுவார்கள், மற்றவர்களையும் அம்மாக்கள் ஜன்னலிலிருந்து கத்திக் கூப்பிடுவார்கள். ஆக நாள் முழுவதிலும் உங்கள் அடுக்குமாடியில் திடலுக்கு உயிர் வருவது அந்த ஒன்றரை மணி நேரம். சரியாக அந்த நேரத்தில், வாரத்துக்கு ஐந்து நாளும், உங்கள் மகன் 12ஆம் மாடியில் கம்ப்யூட்டர் முன்னாலும் கீபோர்டு முன்னாலும் உட்கார்ந்திருக்கிறான். நாள் முழுக்க ஓய்வாக இருக்கிற ஒரே பிள்ளை அவன்தான், அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் ஓய்வில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

அப்புறம் மலாய். அவனுக்கு மலாய் எப்படி? வீட்டில் படிக்கிற நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், மலாய் என்றால் ஒரு பாடநூல், வாரத்தில் ஒரு நாள். பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு வேன் அங்கிளிடம், கேன்டீனில், திடலில் தானாக வந்துவிடுகிற பேச்சு இவர்களுக்கு வருவதில்லை. ஒரு பையன், உங்கள் மகனை மாதிரித்தான், பாவம், கீழே போய் 'அடாக்கா காமு மாஹு பெர்மாயின் பெர்சாமா சாயா', அதாவது தாங்கள் என்னுடன் விளையாட விரும்புகிறீர்களா, என்று கேட்டிருக்கிறான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, தப்பே இல்லை. எதிரில் இருந்தவர்கள் செய்தி வாசிக்கிறவன் வந்துவிட்டான் என்று ஒரு வாரம் சிரித்தார்கள். 'ஜோம் மாயின்', வா விளையாடலாம், என்றால் போதும். இதை எந்த டியூஷனிலும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்.

கெப்போங்_அம்மா:

டீச்சர், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை வகுப்பை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அந்த நேரத்தில் கீழே சத்தம் அதிகமாக இருக்கும், கவனம் சிதறும், அதனால் ஹெட்போன் போட்டு உட்கார வைத்தால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மலாய் பற்றி நீங்கள் சொன்னதும் அப்படியே. நேப்பாளியில் நூறு வரை எண்ணுகிறவன் மலாயில் நாற்பதைத் தாண்டினால் தடுமாறுகிறான்.

வீட்டில்_படித்தவள்:

எனக்கு 24 வயது. எட்டு வயதிலிருந்து பதினாறு வரை கோம்பாக்கில் வீட்டில்தான் படித்தேன், ஐஜிசிஎஸ்இ என்கிற பிரிட்டிஷ் இடைநிலைப் பரீட்சையைத் தனியார் தேர்வராக எழுதினேன், இப்போது வேலைக்குப் போகிறேன். பெரியவர்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள், பிள்ளையாக இருந்தவள் சொல்கிறேன்.

எனக்குப் பேச ஆள் இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் மூன்றாம் மாடி ஆச்சி, புத்தகக்கடை அங்கிள், அம்மாவின் தையல் வகுப்பு ஆன்ட்டிகள் எல்லோரும் எனக்குக் கூட்டாளிகள். பெரியவர்களோடு பேச எனக்குப் பயமே கிடையாது, முதல் இன்டர்வியூவில் அது உதவியது. எனக்குத் தெரியாமல் போனது வேறு: சண்டை போடத் தெரியாது. சண்டை போட்டுவிட்டு மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நிற்கத் தெரியாது. ஏனென்றால் அம்மா ஏற்பாடு செய்த எல்லாச் சந்திப்பிலும், ஒரு பொம்மைக்கு இரண்டு பேர் கை நீட்டினால் போதும், அரை நிமிடத்தில் இரண்டு பக்கத்து அம்மாவும் வந்துவிடுவார்கள், சாரி சொல்லு, ஷேர் பண்ணு, முடிந்தது.

காலேஜில் முதல் குழு வேலை. நான்கு பேர். ஒருத்தி அவள் பங்கைச் செய்யவில்லை. நான் நேராகப் போய் விரிவுரையாளரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு அது சரியாகப்பட்டது, பிரச்சினை என்றால் பெரியவரிடம் சொல்ல வேண்டும், அப்படித்தானே வளர்ந்தேன். ஒரு செமஸ்டர் முழுக்க அந்த மூன்று பேரும் என்னோடு சாப்பிடவில்லை. அதில் ஒருத்திதான் பின்னால் என்னைக் கூப்பிட்டு, பைத்தியம், முதலில் அவளைத் திட்டு, அப்புறம் கெஞ்சு, அதுக்கும் கேட்கலைன்னா நாமே செஞ்சிட்டு அவகிட்ட சாப்பாடு வாங்கித் தரச் சொல்லணும், இதுகூடத் தெரியாதா என்றாள். கிண்டலும் அப்படித்தான். யாராவது கிண்டல் செய்தால் நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன். எல்லாம் ஒரு வருடத்தில் பழகிவிட்டது, யாரும் பயப்பட வேண்டாம், ஆனால் பத்து வயதில் பழகியிருந்தால் அந்த ஒரு வருடம் மிச்சம்.

எனக்கென்று உண்மையான கூட்டாளிகள் கிடைத்த ஒரே இடம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு. பக்தியினால் என்று சொல்ல மாட்டேன். ஓதுவார் ஐயா எப்போதும் அரை மணி நேரம் தாமதமாக வருவார், அந்த அரை மணி நேரம் நாங்கள் ஏழு வயதிலிருந்து பதினைந்து வயது வரை பத்துப் பதினைந்து பேர் மண்டபத்தில் தனியாக இருப்போம். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குக் குழுவாகப் பயிற்சி எடுக்கும்போது யார் சுருதி விட்டது என்று வந்த சண்டைதான் என் வாழ்க்கையின் முதல் சண்டை. அதில் எதிர்ப்பக்கம் இருந்தவள் கல்யாணத்துக்குப் போன டிசம்பரில் நான் தோழிப் பெண்.

அக்கா, உங்கள் மகளுக்கும் சேர்த்து யோசியுங்கள். இங்கே எல்லோரும் மகனைப் பற்றியே பேசுகிறோம். பத்து வயதுப் பையனைத் திடலுக்கு அனுப்பிவிடுவீர்கள், பெண்பிள்ளைக்கு அந்த வயது வரும்போது கீழே போகாதே என்பீர்கள், என் வீட்டில் அப்படித்தான் நடந்தது, தம்பி போனான், நான் பால்கனி. ராவாங் பாட்டி வீட்டைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியாதா?

செத்தாப்பாக்_ரவி:

எல்லாம் சரி, ஆனால் ஆஸ்துமா இருக்கிற பிள்ளையைத் தனியாகக் கீழே விடுங்கள், முதுகைக் காட்டி உட்காருங்கள் என்று சொல்வது சுலபம். எனக்கும் ஒன்பது வயதில் ஒரு மகன், வீட்டில்தான் படிக்கிறான், அவனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்படியிருந்தும் லிஃப்டில் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. காலம் அப்படி. நம் காலத்தில் எஸ்டேட்டில் விடிந்தால் வெளியே, இருட்டினால் வீடு. அந்தக் கதை இப்போது உதவாது.

சிகு_ராஜி:

ரவி தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். பள்ளியில் ஆஸ்துமா பிள்ளைகள் எப்போதும் இருந்தார்கள். பையில் இன்ஹேலர், எப்போது எடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும், கூட விளையாடுகிற ஒருவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவதுதான் முக்கியம். மூச்சு வாங்கினால் முதலில் பார்க்கிறவன் அவன்தான், டீச்சர் இல்லை. அம்மா கீழேயே இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? திடலில் இல்லாமல் தபால் பெட்டிப் பக்கம் உட்காரட்டும்.

கெப்போங்_அம்மா:

ஏழு வாரம் ஆகிவிட்டது, என்ன ஆனது என்று சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

கோடிங் வகுப்பை மதியம் இரண்டு மணிக்கு மாற்றிக் கேட்டேன், முடியாது என்றார்கள், நிறுத்திவிட்டேன், கட்டிய பணம் போனது. கீபோர்டு டீச்சர் காலையில் வருகிறார், அவருக்கும் அதுதான் வசதியாம், இத்தனை நாள் நான் கேட்கவே இல்லை.

முதல் இரண்டு வாரம் படுதோல்வி. ஐந்தே முக்காலுக்குக் கீழே இறக்கினால் இவன் பூனையோடு நின்றான். எனக்குத் தாங்கவில்லை, நானே போய் அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் இவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன், அது இன்னும் மோசம், சேர்த்துக்கொண்டார்கள், பத்து நிமிடம் ஒழுங்காக விளையாடிவிட்டுக் கலைந்து போய்விட்டார்கள். அதற்கு அப்புறம் டீச்சர் சொன்ன மாதிரி தபால் பெட்டிப் பக்கம் போய்விட்டேன். அங்கே உட்கார்ந்தால் திடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். ஒரு மணி நேரம் மின்சாரக் கட்டண ரசீதுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசு இல்லை.

மூன்றாவது வாரம் புது ஜாகா இல்லாத நேரமாகப் பார்த்துக் கொட்டகைத் தரையில் பழைய கோட்டின் மேல் சாக்குக்கட்டியால் மறுபடியும் வரைந்திருக்கிறான். கல் பொறுக்கி வைத்துத் தனியாகவே இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தபோது, ஏழாம் மாடியில் இருக்கிற ஒரு மலாய்ப் பையன் வந்து எது புலி என்று கேட்டானாம். இவனிடம் பதில் சொல்ல மலாய் போதவில்லை, கையால் காட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறான். ரீமாவ் (புலி), காம்பிங் (ஆடு) இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. இப்போது நான்கு பேர். பாக் சால் இரண்டே நாளில் சலித்துவிட்டது அவர்களுக்கு, அதற்கு அப்புறம் காலா பாஞ்சாங், போலீஸ் சென்ட்ரி என்று ஓடிப் பிடிக்கிற விளையாட்டுகள், அல்லது சும்மா படிக்கட்டில் உட்கார்ந்து ஏதோ பேச்சு. இரண்டு முறை மூச்சு வாங்கியது. இரண்டாவது முறை அந்த ஏழாம் மாடிப் பையன்தான் ஓடி வந்து 'ஆன்ட்டி, பம்ப் டியா' (அவனுடைய இன்ஹேலர்) என்று எனக்குச் செய்கை காட்டினான், நான் போவதற்குள் இவனே எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் இனிமை என்று நினைக்காதீர்கள். வந்த மலாயில் பாதி வீட்டில் சொல்ல முடியாத வார்த்தை. நேற்று ஒரு செருப்போடு மேலே வந்தான், முட்டியில் தோல் போயிருந்தது, முகம் கடுகடு என்று இருந்தது. யாரோடு சண்டை என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றான். இன்னொரு செருப்பு எங்கே என்றேன், அது எங்க விஷயம் என்றான். என் மகன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. திட்டவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே மருந்து போட்டுவிட்டேன். இன்றைக்கு ஐந்தரைக்கெல்லாம் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறான்.

தேவார வகுப்புக்கு மகளைப் பெயர் கொடுத்தாகிவிட்டது, இரண்டு வாரம் போனாள், ஓதுவார் இங்கே சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறார், அதுதான் கொஞ்சம் ஏமாற்றம். அம்மாவிடம் ராவாங் சனிக்கிழமை என்று சொன்னேன், சனிக்கிழமை அவருக்குப் பாசார் மாலாம் (இரவுச் சந்தை), அவர் சம்மதிக்க இன்னும் பேச வேண்டும்.

வீட்டில்_படித்தவள்:

'அது எங்க விஷயம்' என்றானா! அக்கா, செருப்பைத் தேடாதீர்கள்.

மகளை வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னதாகக் கொண்டுபோய் விடுங்கள். பூத்தொடுக்கிற பாட்டிகள் பக்கத்தில் எப்போதும் நான்கைந்து பிள்ளைகள் இருப்பார்கள்.

செத்தாப்பாக்_ரவி:

அக்கா, ஒரு கேள்வி. என் மகனுக்கும் உங்கள் மகனுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். எங்கள் அடுக்குமாடியில் திடலே இல்லை, கார் நிறுத்துமிடம்தான். கெப்போங் மெட்ரோபாலிட்டன் ஏரிப் பூங்காவில் சனி ஞாயிறு பட்டம் விடுவார்களே, அங்கே வாரா வாரம் வரலாமா என்று பார்க்கிறேன். மாதம் ஒரு முறை இல்லை, பினாங்கு அண்ணன் கணக்குப்படி வாரா வாரம், அதே நேரம். எனக்கு உங்களை மாதிரி தபால் பெட்டிப் பக்கம் உட்காருகிற தைரியம் இன்னும் வரவில்லை, அங்கே என்றால் தூரத்தில் நின்றாலும் தெரியும்.

கெப்போங்_அம்மா:

வாருங்கள். ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்குச் சரியா? ஏழாம் மாடிப் பையனையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று அவன் அம்மாவிடம் கேட்கிறேன். பட்டம் எங்களிடம் இல்லை, நூலும் இல்லை.

செத்தாப்பாக்_ரவி:

பட்டம் இரண்டு இருக்கிறது. நூல் நான் வாங்கி வருகிறேன். மழை வந்தால்?

தண்ணீர்மலை_அப்பா:

மழை வந்தாலும் போங்கள். கறிபாப்பை மட்டும் மூடி வையுங்கள்.